ஹோகா என்ற இழுவைப் படகும் நம்ம ஊர் என்ஜின் டிரைவரும்

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

கடல் என்றால் நமக்கு ராமேஸ்வரம், திருச்செந்தூர், தை அமாவாசை, ஈர வேட்டி. அவ்வளவுதான். திண்டுக்கல் மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்றாலும் சிறுமலை தெரியும், கடல் தெரியாது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு துறைமுகப் படகின் சர்வீஸ் கதையை எழுத வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன். பெயர் வேண்டாம். அவன் செட்டில் படித்தவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும், கமெண்டில் போட்டுவிடாதீர்கள். நிலக்கோட்டைப் பக்கம். அப்பா மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். பையன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, இரண்டு மூன்று வருடம் கோயம்புத்தூரில் அலைந்து, பிறகு தேர்வெழுதி விசாகப்பட்டினம் கடற்படைத் தளத்தில் வேலைக்குப் போனான். சீருடை போட்ட சிப்பாய் இல்லை, சிவிலியன். துறைமுகத்துக்குள் ஓடும் படகுகளுக்குக் கடற்படை அப்படித் தனியாக ஆள் எடுக்கிறது. சாரங், லாஸ்கர், என்ஜின் டிரைவர் என்று பதவிப் பெயர்கள்கூட அந்தக் காலத்துப் பெயர்கள்தான். இவன் என்ஜின் டிரைவர். வேலை ஓர் இழுவைப் படகில்.

தை பிறந்ததும் அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் எங்களுக்கும் ஒரு வகையில் சொந்தம். இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். முதலில் "நேவி மாப்பிள்ளை" என்று எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு யாரோ விசாரித்திருக்கிறார்கள். "என்ஜின் டிரைவர்னா ரயில்லயா?" என்று ஒரு கேள்வி. இல்லை, படகு என்றதும், "போர்க் கப்பல் இல்லையா?" என்று அடுத்த கேள்வி. கடைசியில், "கப்பலைத் தள்ளி விடுற படகாம்ல, அதுல போய்..." என்று முடிந்துவிட்டது. ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஜாதகத்தின் மேல் பழி போடுவது நமக்குப் பழக்கம்.

பையன் போன் பண்ணினான். "டீச்சர், ரிசைன் பண்ணிட்டு ஊருக்கே வந்துரட்டுமா? வத்தலக்குண்டுல ஒரு வொர்க்‌ஷாப் போட்டா சொந்தத் தொழில்னாவது சொல்லிக்கலாம். அப்பா இப்பல்லாம் பூ மார்க்கெட்ல என் வேலையைப் பத்திப் பேச்செடுத்தாலே எந்திருச்சுப் போயிர்றாராம்."

என்ன பதில் சொல்வதென்று எனக்கு உடனே வரவில்லை. "ஒரு வாரம் பொறுப்பா" என்று மட்டும் சொன்னேன். சரித்திரம் சொல்லிக் கொடுத்தவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். படித்துப் பார்ப்பது.

முதலில் அந்தப் படகு என்ன செய்கிறது என்பதைச் சொந்தக்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் அதை டக் என்பார்கள். பெரிய கப்பல் நடுக்கடலில் ராஜா மாதிரி போகும். கரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் கைக்குழந்தை. கப்பலைத் திருப்புவது பின்பக்கம் தண்ணீருக்குள் இருக்கும் சுக்கான். அதன் மேல் தண்ணீர் வேகமாகப் பாய்ந்தால்தான் அதற்குப் பிடிமானம். துறைமுகத்துக்குள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். வேகம் குறைந்தால் சுக்கான் சொன்ன பேச்சு கேட்காது. பிரேக் என்று ஒன்று கப்பலுக்குக் கிடையவும் கிடையாது. கொச்சியில் கட்டிய நம் விக்ராந்த் 262 மீட்டர் நீளம். அவ்வளவு பெரிய இரும்பு மலை, அலையும் காற்றும் தள்ளிக்கொண்டு போய்க் கரைச்சுவரில் மோதாமல் நிற்க வேண்டும் என்றால், யாராவது பக்கத்தில் வந்து வடம் கட்டி இழுக்கவும் முட்டுக் கொடுத்துத் தள்ளவும் வேண்டும்.

பங்குனி உத்திரத்துக்குப் பழனி போனவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வடம் பிடிக்க ஊரே வரும். ஆனால் முனையில் தேர் திரும்புகிறபோது பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துக் கொடுத்து எடுக்கிற அந்த நாலைந்து பேர்தான் தேரைத் திருப்புகிறார்கள். நிறுத்துவதும் அவர்கள்தான். பின்னாலிருந்து கோயில் யானை கஸ்தூரி நெற்றியைக் கொடுத்துத் தள்ளும். டக் செய்வது கட்டை போடுகிறவரின் வேலையும் கஸ்தூரியின் வேலையும் சேர்ந்தது. ("முட்டுக்கட்டை போடுகிறான்" என்பதை நாம் எப்படியோ வசவாக மாற்றிவிட்டோம். கட்டை போடுகிற ஆள் ஒருநாள் லீவு போட்டால் தேர் பாத்திரக்கடைக்குள் போய்விடும்.)

நம் கடற்படைக்கும் இந்த யானை ஞாபகம் இருந்திருக்கிறது. அதன் பழைய இழுவைக் கப்பல்களின் பெயர்களைப் பாருங்கள்: ஹாத்தி, கஜ், மாதங்கா. மூன்றுமே யானைதான். இப்போது வருகிறவற்றுக்கு மகாபலி, வீரன் என்றெல்லாம் பெயர். இவற்றின் பலத்தைக் குதிரைத்திறனில் சொன்னால் துறைமுகத்தில் யாருக்கும் திருப்தி இல்லை. கரையில் இருக்கும் இரும்புக் குற்றியில் வடத்தைக் கட்டி, என்ஜினை முழு வேகத்தில் ஓட்டி, வடத்தில் எத்தனை டன் இழுப்பு விழுகிறது என்று அளக்கிறார்கள். 25 டன் டக், 50 டன் டக் என்று அதை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

சரி, இப்போது கதை.

பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் எல்லோரும் ஒரு தேதியை மறந்திருக்க மாட்டீர்கள். 1941 டிசம்பர் 7. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "முத்துத் துறைமுகம்" என்று சொல்ல வேண்டும் என்று மிரட்டி வைத்திருந்தேன். பாடப்புத்தகத்தில் அதற்கு இடம் நாலு வரி. ஜப்பான் தாக்கியது, அமெரிக்கா போரில் இறங்கியது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். அந்த நாலு வரிக்குள் நூறு அடி நீளப் படகு ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது.

அதன் பெயர் ஹோகா. இந்தி தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள், "ஆகும்" என்று அர்த்தம் வருகிறதே என்று. இது அமெரிக்கப் பூர்வகுடிகளான சூ மக்களின் சொல். மீன் என்று பொருள். நியூயார்க்கில் மோரிஸ் ஹைட்ஸ் என்ற இடத்தில் ஒரு படகுத்தளத்தில் 1940 ஜூலை 25 அன்று அடிமரம் போட்டு, அதே வருடம் டிசம்பர் 31 அன்று தண்ணீரில் இறக்கினார்கள். 1941 மே 22 அன்று வேலையில் சேர்ந்தது. எண் ஒய்.டி. 146. டீசல் என்ஜின் மின்சாரம் உண்டாக்க, அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஒரே ஒரு காற்றாடியைச் சுழற்றும். பனாமா கால்வாய் வழியாகச் சுற்றிக்கொண்டு ஹவாய்க்குப் போனது. அங்கே வேலை என்ன? போர்க் கப்பல்களை இடம் மாற்றுவது. இதை அங்கிருந்து எடுத்து இங்கே வை, அதை இங்கிருந்து எடுத்து அங்கே வை. நம்ம வெங்காயப் பேட்டையில் லாரி பின்னால் வரும்போது தட்டித் தட்டி "வா வா வா, ஒடி, போதும்" என்று கத்துகிற கிளீனரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன் குண்டு விழ ஆரம்பித்தது. ஹோகா தன் வழக்கமான இடத்தில் கட்டிக் கிடந்தது. முதல் குண்டு விழுந்து பத்து நிமிடத்துக்குள் கட்டை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது. படகின் பொறுப்பில் இருந்தவர் ஜோ மெக்மானஸ். படகில் இருந்தவர்கள் ஏறக்குறைய பத்துப் பேர். முதலில் தண்ணீரில் கிடந்த இரண்டு பேரைத் தூக்கினார்கள்.

பிறகு அவர்கள் போனது அரிசோனா பக்கம். அரிசோனா என்பது அன்று வெடித்துச் சிதறிய போர்க் கப்பல். அதில் மட்டும் 1,177 பேர் இறந்தார்கள். அன்று இறந்த மொத்தப் பேரில் கிட்டத்தட்டப் பாதி. அதன் பக்கவாட்டில் ஒட்டிக் கட்டியிருந்தது வெஸ்டல் என்ற பழுதுபார்க்கும் கப்பல். அரிசோனாவின் தீ இதிலும் பிடித்துக்கொண்டது. எரிகிற வீட்டுக்கு ஒட்டிய வீடு மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், இந்த வீட்டை நகர்த்த முடியும், வந்து இழுப்பதற்கு ஆள் இருந்தால். எண்ணெய் பரவி, தண்ணீரே எரிந்துகொண்டிருந்த அந்த இடத்துக்குள் ஹோகா போய், வெஸ்டலுக்கு வடம் கொடுத்து வெளியே இழுத்தது. வெஸ்டல் பிழைத்து, போர் முடியும்வரை எத்தனையோ கப்பல்களைப் பழுதுபார்த்தது.

அடுத்தது ஒக்லாலா. கண்ணிவெடி பதிக்கும் பழைய கப்பல். ஒரு டார்பிடோ அதன் அடியில் புகுந்து போய்ப் பக்கத்திலிருந்த ஹெலினா என்ற குரூஸரில் வெடித்தது. அந்த அதிர்ச்சியிலேயே ஒக்லாலாவின் உடம்பு விட்டுவிட்டது. மாலுமிகள் பின்னாளில், "பயத்திலேயே செத்த கப்பல்" என்று அதைக் கிண்டல் செய்தார்கள். அது ஹெலினாவின் மேல் சாய்ந்துவிடாமல் இருக்க, டக்குகள் அதை விலக்கிப் பின்னால் கொண்டுபோய் வைத்தன. சிறிது நேரத்தில் கவிழ்ந்தது. கவிழ்ந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கவிழ்ந்தது. இதுவும் ஒரு வேலைதானே.

இனிதான் முக்கியமான இடம்.

நெவாடா என்று ஒரு போர்க் கப்பல், 583 அடி. அன்று காலை அந்த வரிசையில் புறப்பட்டு நகர்ந்த ஒரே போர்க் கப்பல் அதுதான். வழக்கமாக இப்படிப்பட்ட கப்பல் கிளம்ப நாலு டக் வந்து நிற்க வேண்டும். அன்று டக்குக்குக் காத்திருக்க நேரமில்லை, தானாகவே கிளம்பியது. கடலை நோக்கிப் போகிற கப்பலைப் பார்த்ததும் ஜப்பான் விமானங்கள் பல அதன் மேல் பாய்ந்தன. அவர்கள் கணக்கு எளிதானது. துறைமுகத்தின் வாசல் ஒரு குறுகலான கால்வாய். நெவாடா அதில் குறுக்கே மூழ்கினால் உள்ளே இருக்கிற கப்பல் வெளியே வர முடியாது, வெளியே இருக்கிற கப்பல் உள்ளே போக முடியாது. வாசலில் பூட்டுப் போட்ட மாதிரி. பூட்டைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நெவாடாவைக் கரையோரமாக ஒதுங்கச் சொல்லி உத்தரவு வந்தது. அது ஒரு முனையில் தரை தட்டி நின்றது. ஆனால் அந்த இடமும் சரியில்லை, கால்வாயை ஒட்டியே இருந்தது. முன்பக்கம் எரிந்துகொண்டிருந்தது, தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. ஹோகா போய் அதன் முன்பகுதியில் தன்னைக் கட்டிக்கொண்டு, இன்னொரு டக்கின் துணையோடு அதை இழுத்து, கால்வாயின் மேற்குக் கரையில் வைப்பியோ முனையில் கொண்டுபோய்ப் பத்திரமாக உட்கார வைத்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் தீயையும் அணைத்தது. வாசல் திறந்தே இருந்தது. பின்னாளில் நெவாடாவை மிதக்க வைத்துச் சரிசெய்தார்கள். 1944இல் நார்மண்டியில் நேசப்படைகள் இறங்கிய அன்று அங்கே பீரங்கி முழங்கிய கப்பல்களில் அதுவும் ஒன்று. நார்மண்டி பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி உண்டு, ஞாபகமிருக்கும்.

ஒரு துப்பாக்கி ரவைகூடச் சுடாமல் போரில் இப்படி ஒரு காரியம் செய்ய முடியும் என்பது, இத்தனை வருடம் போர்களைப் பற்றி வகுப்பெடுத்த எனக்கே படிக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்த விஷயம்.

அதோடு முடியவில்லை. அன்று மாலை நாலு மணிக்கு ஹோகா மறுபடியும் போர்க் கப்பல் வரிசைக்குப் போனது. மேரிலாண்ட், டென்னசி, கடைசியாக அரிசோனா என்று ஒவ்வொன்றாகத் தீயணைத்தது. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணி வரை. தொடக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் வேலை. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் துறைமுகத்தில் மிதந்த குப்பையையும் சிதைவையும் அகற்றும் வேலை. மிதந்ததில் என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த இடத்தை நான் பையனிடம் போனில் வாசித்துக் காட்டினேன். நான் எதிர்பார்த்தது அவன் வாயைப் பிளப்பான் என்று. அவன் கேட்டது வேறு. "டீச்சர், அம்பது மணி நேரத்துக்கு மேலன்னா என்ஜினை நிறுத்தவே இல்லையா? பம்பும் அதே கரண்ட்ல ஓடுச்சா? கீழ என்ஜின் ரூம்ல எத்தனை பேர் இருந்தாங்கன்னு போட்டிருக்கா?" எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. அவனே தொடர்ந்து சொன்னான்: "மேல இருக்கவங்களுக்கு என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும் டீச்சர். கீழ இருக்கவனுக்கு ஒண்ணும் தெரியாது. மணி அடிச்சா வேகத்தைக் கூட்டணும், மணி அடிச்சா குறைக்கணும். சுத்தித் தண்ணியே எரியுதுன்னு அவனுக்கு யாராவது சொல்லியிருப்பாங்களா?" பிறகு எண்ணெய் அழுத்தம், குளிரவைக்கும் தண்ணீர், எரியும் எண்ணெய் மிதக்கிற இடத்தில் கடல்தண்ணீரை உறிஞ்சினால் வடிகட்டி அடைக்குமே என்று அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். பாதி எனக்குப் புரியவில்லை. ரிசைன் பேச்சு அன்று வரவில்லை. இன்றுவரை வரவில்லை. நானும் கேட்கவில்லை.

1942 பிப்ரவரியில் பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸ் ஹோகாவின் குழுவைப் பாராட்டினார். படகில் இருந்தவர்கள் எல்லோரையும் சேர்த்து, ஒரு குழுவாக. எனக்கு இது பிடித்திருந்தது. மேல் தட்டில் குழாய் பிடித்தவர், கீழே என்ஜின் பார்த்தவர் என்று பிரிக்கவில்லை.

கப்பலை நகர்த்த முடிவதும் முடியாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு, மனதுக்குக் கஷ்டமான உதாரணம். ஒவ்வொரு ஏப்ரலிலும் தீயணைப்பு நிலையத்திலிருந்து பள்ளிக்கு வந்து, சிலிண்டரில் தீ வைத்து அணைத்துக் காட்டுவார்கள், ஞாபகமிருக்கிறதா? ஈரச் சாக்கைப் போட்டதும் நீங்கள் எல்லோரும் கைதட்டுவீர்கள். அது ஏப்ரல் 14, தீத்தொண்டு நாளை ஒட்டி நடப்பது. தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள் இரண்டும் அந்தத் தேதியில் வந்துவிடுவதால் இதை யாரும் கவனிப்பதில்லை.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகைன் என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. உள்ளே பஞ்சு மூட்டைகள், கூடவே ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து, தங்கக் கட்டிகள் வேறு. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றலாமா என்று நம்ம ஊர் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் திட்டுவார்கள். மதியம் புகை வந்தது. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். அங்கேயே மூழ்கடிப்பதா, துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுவதா என்று ஒரு முடிவுக்கு வருவதற்குள் மாலை நாலு மணி தாண்டி வெடித்தது. அரை மணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பு. தீயணைக்க நின்ற 66 வீரர்கள் இறந்தார்கள். பொதுமக்கள் நூற்றுக்கணக்கில். கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. எரிகிற கப்பலின் பக்கத்தில் போய் வடம் கட்டுவது என்றால் என்ன என்பது, முத்துத் துறைமுகத்தையும் பம்பாயையும் அடுத்தடுத்துப் படித்தால்தான் உறைக்கிறது.

ஹோகாவின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆனால் வருடக் கணக்கில் பார்த்தால் அதுதான் நீளமான பகுதி. போர் முடிந்ததும் பெரிய கப்பல்களுக்கு மாலையும் மரியாதையும். நெவாடாவை அணுகுண்டுச் சோதனைக்கு இலக்காக நிறுத்தி, பிறகு 1948இல் சுட்டு மூழ்கடித்துவிட்டார்கள். அது வேறு சோகம். அதே 1948இல் ஹோகாவைக் கலிஃபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்துக்குக் கடனாகக் கொடுத்தார்கள். தண்ணீர் பீய்ச்சும் குழாய்களைக் கூட்டி, தீயணைப்புப் படகாக மாற்றினார்கள். பெயரும் மாறியது. போர்ட் ஆஃப் ஓக்லண்ட், பிறகு சிட்டி ஆஃப் ஓக்லண்ட். கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு வீட்டுப் பெயர் மாறுகிற மாதிரி. கடற்படையில் போர்க்காலம் வரை பார்த்த வேலை சில வருடம். துறைமுகத் தீயணைப்பில் பார்த்தது நாற்பது வருடத்துக்கு மேல். கப்பலில் தீ, கரையோரக் கிடங்கில் தீ, தண்ணீரில் விழுந்த ஆள் என்று அழைப்பு வரும்போதெல்லாம் போய் வந்துகொண்டிருந்தது. 1989இல் அமெரிக்க அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. அறிவித்தபோதும் டியூட்டியில்தான் இருந்தது. 1990களின் நடுவில் ஓய்வு.

என் பணி ஓய்வு நாளில் பொன்னாடை, குத்துவிளக்கு, சாப்பாடு, கண்ணீர் எல்லாம் இருந்தது. ஹோகாவுக்கு ஓய்வு என்றால், பழைய கப்பல்களை வரிசையாகக் கட்டிப்போட்டிருக்கும் சூசன் விரிகுடாவில் ஒரு மூலை. அங்கே வருடக் கணக்கில் துருப்பிடித்துக் கிடந்தது. நம்ம விராட் விமானந்தாங்கிக் கப்பலை 2020 செப்டம்பரில் மும்பையிலிருந்து உடைப்பதற்காக ஆலங்குக்கு ஒரு டக் இழுத்துக்கொண்டு போன படத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் விராட்டைப் பார்த்துக் கண்கலங்கினார்கள். கண்கலங்க வேண்டியதுதான். எனக்கும் கலங்கியது. ஆனால் முன்னால் போன அந்தச் சின்னப் படகின் பெயர் என்ன என்று வீட்டில் கேட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

ஹோகாவுக்கு அந்தக் கதி வரவில்லை. 2005இல் அதை ஓர் ஊருக்குத் தானமாகக் கொடுத்தார்கள். எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? கடற்கரை ஊர் இல்லை. ஆர்கன்சா மாநிலத்தில் நார்த் லிட்டில் ராக். திண்டுக்கல் மாதிரியே கடலைக் கண்ணால் பார்க்காத ஊர். நமக்கும் கடலுக்கும் உள்ள தூரத்தைவிட அவர்களுக்கு இன்னும் பல மடங்கு தூரம். ஆர்கன்சா ஆறு மட்டும் ஓடுகிறது. அந்த ஊர்க்காரர்கள், "படகைக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டு வாங்கி, பழுதுபார்த்து, ஆற்று வழியாகக் கொண்டுவந்து சேர்க்கப் பத்து வருடம் ஆனது. 2015 நவம்பரில் வந்து சேர்ந்தது. இப்போது ஆற்றங்கரையில் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பக்கத்தில் ரேசர்பேக் என்ற நீர்மூழ்கிக் கப்பல். 1945 செப்டம்பர் 2 அன்று ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டபோது டோக்கியோ விரிகுடாவில் இருந்த கப்பல்களில் அது ஒன்று. அமெரிக்காவுக்குப் போர் தொடங்கிய இடத்தில் இருந்த படகும் போர் முடிந்த இடத்தில் இருந்த கப்பலும் கடலே இல்லாத ஓர் ஊரில் அக்கம்பக்கமாக நிற்கின்றன.

பெண் வீட்டுச் சொந்தங்களுக்கு ஒரு வார்த்தை. ஜாதகம் ஜாதகம்தான், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் பையனுடைய அப்பாவை வரும் வெள்ளிக்கிழமை பூ மார்க்கெட்டில் பார்ப்பீர்கள். இந்தப் பதிவை அவருக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள். அவருக்குப் போனில் சின்ன எழுத்து தெரியாது.

கடைசியாக, அமெரிக்காவில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டல்லாஸ் பக்கம் நாலைந்து பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். லிட்டில் ராக் உங்களுக்குக் காரில் ஐந்து மணி நேரம்தான். போய் ஹோகாவைப் பாருங்கள். வெளியே நின்று செல்ஃபி எடுத்து அனுப்பினால் மதிப்பெண் கிடையாது. என்ஜின் அறைக்குள் விடுவார்களா என்று கேளுங்கள். விட்டால், என்ஜின், பம்பு, மேலிருந்து மணி அடிக்கிற கருவி எல்லாவற்றையும் தெளிவாகப் படம் எடுங்கள். என்ஜினில் பெயர்ப்பலகை இருந்தால் எழுத்து தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுங்கள். அருங்காட்சியகம் எந்தெந்த நாளில் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.